பினாங்குல ரெண்டாவது தடவ மாத்துன இடுப்பு கப்பு – பத்து வருஷம் ஓட்டி பாத்த பிறகு ஒரு ரிவியூ

மொதல்ல மார்க்க போட்டுடறேன், முழுசா படிக்க நேரம் இல்லாதவங்க இதோட கெளம்பிடலாம். கப்புக்கு (இடுப்பு எலும்பு குழில பொருத்தற கிண்ணம், அதுக்குள்ளதான் தொடை பக்கத்து பந்து சுத்தும்) அஞ்சுக்கு நாலரை. ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு அஞ்சு. பிசியோ பொண்ணுக்கு அஞ்சு, அதுக்கு மேல போட வழி இருந்தா அதையும் போட்டிருப்பேன். வார்டுக்கு நாலு, சாப்பாடு உப்பு சப்பில்லாம இருந்துச்சு ஆனா நர்ஸுங்க நல்லவங்க. பில்லிங் கவுண்டருக்கு ஒன்னு. ஆஸ்பத்திரி பேர போடல, பினாங்கு தீவுல இருக்கற பிரைவேட்டு, அவ்வளவுதான்.

இது புதுசா இடுப்பு மாத்திக்க போறவங்களுக்கு எழுதுனது கிடையாது, அவங்களுக்கு ஆயிரம் பேரு எழுதி வச்சிருக்காங்க. ஏற்கனவே மாத்தி, அந்த கப்பு லூசாயி, சுத்தி இருக்கற எலும்பும் கரைஞ்சு போச்சு மறுபடி திறக்கணும்னு டாக்டர் சொல்லி, வீட்டுக்கு வந்து தூக்கம் வராம கெடக்கறாங்க பாருங்க, அவங்களுக்கு. ஏன்னா ரெண்டாவது ஆபரேஷன்ல எந்த பிராண்டு மெட்டல்ங்கறது கடைசி கேள்வி. எவ்வளவு எலும்பு மிச்சம் இருக்கு, அத கையில வச்சிக்கிட்டு வேல பாக்க தெரிஞ்சவரு யாரு, இந்த ரெண்டுலதான் எல்லாமே இருக்கு. கப்ப வாங்கறோம்னு நெனச்சு காச கட்டறோம், ஆனா உண்மையில வாங்கறது வேற.

என் கத சுருக்கமா. மூச்சு எரைப்புக்கு அந்த காலத்துல ஸ்டீராய்டு மாத்திரை நெறைய தின்னவன் நான், அதுல தொடை எலும்போட உருண்டைக்கு ரத்த ஓட்டம் நின்னு அது செத்துப்போச்சு. 1998ல, நாப்பத்தொரு வயசுல, வலது இடுப்ப மாத்துனாங்க. டைட்டானியம் கப்பு, உள்ள பிளாஸ்டிக் லைனர், மெட்டல் பந்து. அப்பறம் பாத்தா ராஜா மாதிரி இருந்தேன், பள்ளிக்கூடத்துல நின்னுக்கிட்டே பாடம் எடுத்தேன், மோட்டார் ஓட்டுனேன், பட்டர்வொர்த் ஃபெரியில நின்னுக்கிட்டே போயிட்டு வந்தேன். கொஞ்ச வருஷம் செக்கப்புக்கு கூப்பிட்டாங்க, பிறகு அந்த ஆஸ்பத்திரில (இப்ப பண்ண எடம் இல்ல, அது வேற) "வலி இல்லன்னா இனிமே வர வேணாம், வலிச்சா வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

இந்த ஒரு வரிக்குத்தான் நான் இன்னும் வயிறெரியறேன். ஏன்னு கேளுங்க. அந்த கால பிளாஸ்டிக்கு மேல மெட்டல் பந்து உரசிக்கிட்டே இருக்கும், நடக்க நடக்க கண்ணுக்கே தெரியாத தூளு தூளா உதிரும். ஒடம்புல குப்பைய தின்னு தீக்கற செல்லுங்க இருக்கு, அதுங்க இந்த தூள தின்னுட்டு ஜீரணம் பண்ண முடியாம சுத்தி ரசாயனத்த கக்கும், அந்த ரசாயனம் எலும்ப கரைக்கற செல்லுங்கள தட்டி எழுப்பிவிடும். அதுங்க கப்புக்கு பின்னாடி இருக்கற எலும்ப அரிச்சு அரிச்சு குகை மாதிரி ஆக்கிடும். இதுல வலியே வராது! கப்பு கடைசி பிடியையும் விட்டு ஆட ஆரம்பிச்சாதான் வலிக்கும். அப்ப "வலிச்சா வாங்க"ன்னு சொன்னா என்ன அர்த்தம், எல்லாம் போன பிறகு வாங்கன்னு அர்த்தம். வருஷத்துக்கு ஒன்னு இல்ல ரெண்டு வருஷத்துக்கு ஒன்னு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்திருந்தா பிளாஸ்டிக்க மட்டும் மாத்தி, குழில எலும்ப அடைச்சு, சின்ன ஆபரேஷனோட முடிஞ்சிருக்க வாய்ப்பு இருந்துச்சுன்னு பின்னாடி டாக்டர் சொன்னாரு. குறுக்கு பிணைப்பு போட்ட (சீக்கிரம் தேயாதபடி உள்ளயே பிணைச்சு கெட்டியாக்குன) புது பிளாஸ்டிக்கு 1990கள் கடைசிலதான் மார்க்கெட்டுக்கு வந்துச்சு, தேய்மானம் பழசுல ஒரு சின்ன பங்குதான், எனக்கு போட்டது பழைய ரகம். தலையெழுத்து லா.

2014ல ஆரம்பிச்சுது. நாற்காலில இருந்து எந்திரிச்சா மொத நாலு அடிக்கு கவட்டியில சுருக்குன்னு குத்தும், அப்பறம் சரியாயிடும். வீட்டுக்காரம்மாதான் கண்டுபிடிச்சாங்க, "என்னாங்க, ஒரு பக்கமா சாஞ்சு நடக்கறீங்க, காலு கட்டையாயிடுச்சா?" எக்ஸ்ரேல பாத்தா கப்பு இருக்க வேண்டிய எடத்துல இல்ல, மேல ஏறி வெளிப்பக்கமா சாஞ்சு நிக்குது.

மொதல்ல பாத்த ஸ்பெஷலிஸ்ட்டு எக்ஸ்ரேவ லைட்டுல தூக்கி பாத்துட்டு, கொஞ்சம் பெரிய கப்பு போட்டா போதும், அடுத்த வாரமே வாங்கன்னாரு. எனக்கு எங்கயோ உறுத்துச்சு. ரெண்டாவதா பாத்தவருதான் எனக்கு பண்ணவரு. அவரு சிரிஞ்சு எடுக்கறதுக்கு முன்னாடி கத்திய பத்தியே பேசல. மொதல்ல ஒடம்புல அழற்சி, கிருமி அறிகுறி இருக்கான்னு பாக்கற சிஆர்பி, ஈஎஸ்ஆர் ரத்த பரிசோதனை, பிறகு மூட்டுக்குள்ள ஊசி விட்டு தண்ணி எடுத்து லேப்புக்கு அனுப்புனாரு. லூசான எல்லா கப்பும் தேஞ்சு லூசானது கிடையாது, சிலது உள்ள கிருமி பூந்து லூசாயிருக்கும், அத தெரியாம புது கப்ப போட்டா கிருமி மேலயே வீடு கட்டுன கணக்கு. கிருமி இருந்தா பெரும்பாலும் ரெண்டு கட்டமா பண்ணுவாங்க, எல்லாத்தையும் கழட்டி, ஆண்டிபயாட்டிக் கலந்த சிமெண்டு உருண்டைய உள்ள வச்சு, பல வாரம் கழிச்சுதான் புதுசு. எனக்கு கிருமி இல்லன்னு வந்துச்சு, சாமி புண்ணியம்.

அடுத்து சிடி ஸ்கேன். எக்ஸ்ரே பெரும்பாலும் எலும்பு சேதத்த கம்மியா காட்டும், அதுவும் மெட்டல் மறைச்சுக்கிட்டு இருந்தா இன்னும் கம்மியா காட்டும். சிடில என் இடுப்பு எலும்ப கம்ப்யூட்டர்ல சுத்தி சுத்தி காட்டுனாரு. பப்ரோஸ்கின்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1994ல வகுத்த கணக்கு ஒன்னு இருக்காம், ஒன்னுல இருந்து மூணு வரைக்கும், எலும்பு எவ்வளவு போச்சு எந்த பக்கம் போச்சுன்னு. மூணுல ரெண்டு ரகம். 3ஏ-ன்னா கப்பு மேலயும் வெளியவும் போயிருக்கும், 3பி-ன்னா மேலயும் உள்ளவும், வயித்து பக்கமா போயிருக்கும், அதுதான் மோசம், அதுல இடுப்பு எலும்பு மேல ஒரு துண்டு கீழ ஒரு துண்டுன்னு பிரிஞ்சே இருக்கலாம். எனக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல ஏறியிருந்துச்சு, 3ஏ. டாக்டரு ஒரு கைய மடக்கி குத்தாக்கி இன்னொரு உள்ளங்கையில வச்சு காட்டுனாரு, இதுல பாதிய விட கொஞ்சம் அதிகமா உங்க எலும்பாவே தொடும், மீதி காத்து, அந்த காத்தத்தான் நான் நெரப்பணும்னு. பெரிய கப்பு மட்டும் போதாதான்னு கேட்டேன், பந்து வடிவ கப்பு நீள்வட்ட குழில உட்காராது, உட்கார வைக்கணும்னா மிச்சம் இருக்கற நல்ல எலும்பயும் தோண்டணும்னாரு. அடுத்த வாரமே வாங்கன்னவரு ஞாபகம் வந்துச்சு.

எந்த வழில நெரப்பலாம்னு அவரு சொன்னத எழுதறேன், ஏன்னா இத யாரும் எனக்கு தமிழ்ல சொல்லல. ஒரு வழி, தானம் வந்த எலும்ப சின்ன சின்ன துண்டா நொறுக்கி குழில வச்சு சுத்தியலால இறுக்கி அடிச்சு அதுமேல சிமெண்டு கப்பு. ஹாலந்துல நெய்மேகன் ஊருல 1979லேந்து பண்றாங்க, அவங்க ரிசல்ட்டுல 20 வருஷம் கழிச்சும் முக்காவாசி கப்பு அப்படியே இருந்துச்சு, ஒடம்பு மெதுவா அந்த துண்டுகள தின்னு தன் எலும்பா மாத்திக்குது. ஆனா ரொம்ப பெரிய ஓட்டைக்கு அது மட்டும் பத்தாது. இன்னொரு வழி, இடுப்பு எலும்புல மேலயும் கீழயும் ஸ்க்ரூ போட்டு ஒரு மெட்டல் கூண்டு. அந்த கூண்டுல எலும்பு ஒட்டி வளராது, அதனால அத மட்டும் நம்பி விட்டா சில வருஷத்துல ஸ்க்ரூ உடையும், கூண்டே உடையும். இப்ப அதுக்கு உள்ள எலும்பு வளரக்கூடிய கப்பயும் சேத்து போடறாங்க. ரொம்ப மோசமான கேஸுக்கு சிடி படத்த அனுப்பி அந்த ஆளு இடுப்புக்கே செஞ்ச மெட்டல் துண்டு, அதுக்கு மாசக்கணக்குல காத்திருக்கணும், விலையும் கேக்காதீங்க.

எனக்கு போட்டது தந்தாலம்ங்கற மெட்டல். ஸ்பாஞ்சு மாதிரி ஓட்ட ஓட்டயா இருக்கும், கையில எடுத்து பாத்தேன், மேல்பக்கம் சொரசொரன்னு வெரல்ல பிடிக்குது. அதுல 75லேந்து 80 பர்சன்ட் வெறும் ஓட்டதான், அந்த ஓட்டைக்குள்ள எலும்பு வளந்து பிடிச்சிக்கும். மேல இருந்த பெரிய பள்ளத்துக்கு அதே பொருள்ல ஒரு தனி துண்டு, பாதி நிலா வடிவத்துல, ஸ்க்ரூ போட்டு மாட்டி, அதுக்கும் கப்புக்கும் நடுவுல சிமெண்டு வச்சு ஒன்னா ஆக்கிட்டாங்க. சின்ன பள்ளத்துல தான எலும்பு துண்டு. எலும்பு எங்கேந்து வருதுன்னா, இடுப்பு மாத்திக்கற மத்தவங்க கிட்டேந்து எடுக்கற உருண்டைய சோதிச்சு உறைய வச்சிருப்பாங்க, கோலாலம்பூர்ல மலாயா பல்கலைக்கழக ஆஸ்பத்திரில எலும்பு வங்கி இருக்கு, கிளந்தான் குபாங் கெரியான்லயும் திசு வங்கி இருக்கு. வீட்டுல இத சொன்னதும் மாமியாருக்கு வந்த மொத சந்தேகம், "ஆம்பள எலும்பா பொம்பள எலும்பா மாப்ள?" டாக்டர் கிட்டயே கேட்டேன், சிரிச்சாரு, பதில் சொல்லல.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்துச்சு, அத எழுதாம விட்டா ரிவியூ அரைகுறதான். தொடை எலும்புக்குள்ள இருந்த பழைய தண்டு (பந்த தாங்கற மெட்டல் கம்பி) நல்லா பிடிச்சு இருந்துச்சு, அத எடுக்க வேணாம், கப்ப மட்டும் மாத்தி தண்டு மேல புது பந்த மாட்டலாம்னு பிளான். ஆனா தண்டோட கழுத்து எந்த கம்பெனி எந்த அளவுன்னு தெரியணும், வேற கம்பெனி பந்து சரியா பொருந்தாது. 1998ல பண்ண ஆஸ்பத்திரில போய் ஃபைல் கேட்டா, ரெக்கார்ட் அழிச்சாச்சு அங்கிள், இவ்வளவு வருஷம் வச்சிருக்க மாட்டாங்கன்னு கவுண்டர்லயே கைய விரிச்சுட்டாங்க. கடைசில இவரு எக்ஸ்ரே வடிவத்த வச்சு கம்பெனிய யூகிச்சு, கம்பெனி ஆளு ஒருத்தரு ரகரகமா பந்துங்கள பெட்டில தூக்கிட்டு வந்து ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நின்னாரு. பொருந்திடுச்சு. பொருந்தலன்னா நல்லா இருந்த தண்டையும் தொடை எலும்ப பிளந்து எடுத்திருக்கணும். அதனால சொல்றேன், எந்த இம்ப்ளான்ட் போட்டாலும் டப்பால ஒட்டி வர்ற ஸ்டிக்கர ஆபரேஷன் நோட்டுல ஒட்டுவாங்க, அதுக்கு ஒரு போட்டோகாப்பி வாங்கி ஐசி (அடையாள அட்டை), வீட்டு கிராண்ட் (பத்திரம்) வைக்கற பெட்டிக்குள்ள வச்சிடுங்க. என் ஸ்டிக்கர் இப்ப மூணு பேர் போன்லயும் இருக்கு.

ஆபரேஷன் மொத தடவைய விட ரொம்ப நேரம், ரத்தமும் ஏத்துனாங்க. பல வாரத்துக்கு அந்த கால்ல முழு எடைய வைக்க கூடாது, கால் நுனி தரைய தொடலாம் அவ்வளவுதான், ஏன்னா ஸ்பாஞ்சுக்குள்ள எலும்பு வளர்ற வரைக்கும் ஸ்க்ரூதான் மொத்தத்தையும் தாங்குது. இந்த எடத்துலதான் பிசியோ பொண்ணு. செபராங் பிறை பொண்ணு, என் பழைய பள்ளிக்கூடத்துக்கு பக்கத்து தாமான், அதனால சார்னுதான் கூப்புடும். வலது இடுப்புன்னா குச்சி எடது கையில பிடிக்கணும்னு மொத நாளே சொல்லிச்சு, நான் வலதுலதான் பிடிச்சிருந்தேன், எல்லாரும் அப்படித்தான் பிடிப்பாங்க. இடுப்பு பக்கத்து சதை வீக், அந்த பக்கம் நிக்கும்போது இடுப்பு எதிர்ப்பக்கம் தொங்கும், குச்சி அந்த தொங்கற பக்கம் இருந்தாதான் தாங்கும். "சார், குச்சிய அழகுக்கு தூக்கிட்டு நடக்காதீங்க சார், ஊனுங்க, நல்லா ஊனுங்க"ன்னு காரிடார் முழுக்க கேக்கற மாதிரி கத்தும். பையனுங்கள நான் முப்பது வருஷம் அதட்டுனேன், கடைசில ஒரு பொண்ணு என்ன அதட்டுச்சு, நல்லாத்தான் இருந்துச்சு.

ரெண்டாவது ஆபரேஷன்ல பயப்பட வேண்டிய விஷயம் கப்பு மறுபடி லூசாகறது மட்டும் கிடையாது, பந்து கழண்டுக்கறதும்தான், மொத ஆபரேஷன விட இதுல அது ரொம்ப ஜாஸ்தி. சதை ரெண்டு தடவ வெட்டுப்பட்டு தளர்ந்திருக்கும். அதனால எனக்கு 36 மில்லிமீட்டர் அளவுல பெரிய பந்தா போட்டாங்க, பெரிய பந்து சீக்கிரத்துல தாவி வெளிய வராது. இன்னும் பயம் உள்ளவங்களுக்கு பந்துக்குள்ள பந்து சுத்தற மாதிரி ஒரு ரகம் இருக்கு, பிரான்ஸ்ல பூஸ்கேங்கற டாக்டரு 1970கள்ல கண்டுபிடிச்சது, இப்ப இங்கயும் போடறாங்க, உங்க டாக்டர் கிட்ட கேளுங்க.

சரி, பத்து வருஷ நெலவரம். மொத எக்ஸ்ரேல கப்புக்கு மேல ஒரு கோடு மாதிரி இடைவெளி தெரிஞ்சுது, எனக்கு வயித்த கலக்குச்சு, ஆனா அடுத்தடுத்த படத்துல அது மங்கி மங்கி எலும்பால மூடிக்கிச்சு. இந்த பொருள்ல அப்படி மூடும்னு முன்னாடியே சொல்லியிருந்தாரு. இதுவரைக்கும் கப்பு நகரல, ஸ்க்ரூ உடையல. என் மாதிரி கேஸுல தந்தாலம் துண்டோட போட்டவங்கள்ல 10 வருஷத்துல 90 பர்சன்ட் பக்கம் அப்படியே இருக்குன்னு வெளிநாட்டு ரிப்போர்ட்டுங்க சொல்லுது. நல்ல நம்பர்தான். ஆனா அதுக்காக மொத இடுப்போட ஒப்பிட கூடாது. மொத தடவ மாத்துனதுல 25 வருஷம் தாண்டி நிக்கறது 58 பர்சன்ட்டுன்னு 2019ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல வந்துச்சு, ரெண்டாவதுக்கு அவ்வளவு நீள கணக்கே தந்தாலத்துக்கு பெருசா இல்ல, பொருளே 1990கள் கடைசிலதான் வந்துச்சு. பொதுவா ஒவ்வொரு தடவ மறுபடி திறக்கும்போதும் அடுத்தது வர்ற காலம் குறையும். எனக்கு இப்ப அறுபத்தெட்டு ஆகுது, இது என் காலத்துக்கு வந்துட்டா போதும். நாப்பது வயசுல ரெண்டாவதுக்கு போறவங்க மூணாவதையும் மனசுல வச்சு, எலும்ப மிச்சம் பிடிக்கற வழிய டாக்டர் கிட்ட கேட்டு பேசுங்க.

நடைல லேசா ஒரு இழுப்பு உண்டு, அது போகாது. கால் நீளம் கிட்டத்தட்ட சமமாயிடுச்சு, செருப்புல ஒரு மெல்லிய பட்டை. சம்மணம் போட முடியாது, போடவும் கூடாது. கோயில் அன்னதானத்துல எல்லாரும் தரையில எலைக்கு முன்னாடி உட்கார்ந்தா நான் ஓரத்துல பிளாஸ்டிக் நாற்காலில எலைய மடியில வச்சிக்கிட்டு சாப்புடறேன், சாம்பார் வேட்டில ஊத்தும், பழகிடுச்சு. காப்பி கடையில குத்துக்கால் போடற டாய்லெட்டு மட்டும் இருந்தா வீட்டுக்கு போற வரைக்கும் அடக்கிக்கணும், அதனால வெளிய பசியாற போனா ஒரு தே ஓ-வோட நிறுத்திக்கறேன். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை உச்சி கோயிலுக்கு 513 படி, ஏறறதில்ல, கீழ தண்ணீர் பந்தல்ல உட்கார்ந்து மோர் ஊத்திக் குடுக்கறேன். டாக்டரு "மெதுவா ஏறுனா ஏறலாம், எறங்கும்போது பாத்துக்குங்க"ன்னாருதான், எனக்கு எறங்கறதுலதான் பயம். மோட்டாரு விட்டாச்சு, காடி ஓட்டறேன். ஏர்போர்ட்ல பீப் அடிக்கும், அதுக்கு கார்டெல்லாம் தேவையில்ல, தொட்டு காமிச்சா போதும்.

காசு. கப்பு, துண்டு, ஸ்க்ரூ, லைனர், பந்து, எல்லாம் தனித்தனியா பில்லுல வரும், மொத்தம் ஒரு புது மைவி காரு வாங்கற காசு மலேசிய வெள்ளில கட்டுனோம். இன்சூரன்ஸ் கொஞ்சம், மகன் கொஞ்சம், மீதி என் சேமிப்பு. டாக்டர் முன்கூட்டியே ஒரு எஸ்டிமேட் குடுத்தாரு, ஆனா கவுண்டர்ல அது வேற கணக்காச்சு. உள்ள திறந்து பாத்த பிறகுதான் எத்தன ஸ்க்ரூ எந்த துண்டுன்னு தெரியும், அது நியாயம், அத யாரும் முன்னாடி எனக்கு சொல்லல. டிஸ்சார்ஜ் ஆகற அன்னிக்கு காலையில ட்ரெஸ் மாத்தி வீல்சேர்ல உட்கார வச்சுட்டாங்க, இன்சூரன்ஸ் லெட்டர் வந்து, அத பில்லோட ஒப்பிட்டு, மறுபடி லெட்டருக்கு அனுப்பி, விளக்கு போடற நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வந்தோம். புது இடுப்புக்காரன ஒரு நாள் முழுக்க தொண்ணூறு டிகிரில உட்கார வச்சா என்ன ஆகும்னு அந்த கவுண்டர்ல யாருக்கும் தோணல, பிசியோ பொண்ணுதான் வழில பாத்துட்டு கோவமா ஒரு ஸ்ட்ரெச்சர் தள்ளிட்டு வந்துச்சு. அந்த ஒரு ஸ்டாரும் அவளுக்காக போட்டதுதான்னு வச்சுக்கோங்க.

இவ்வளவு காசு இல்லாதவங்க அரசாங்க ஆஸ்பத்திரில கேளுங்க, அங்கயும் இந்த வேல தெரிஞ்ச டாக்டருங்க இருக்காங்க. ஆபரேஷன் கட்டணம் கம்மிதான், இம்ப்ளான்ட்டுக்குத்தான் காசு, அதுக்கு சுகாதார அமைச்சோட மருத்துவ உதவி நிதி இருக்கு, தாபோங் பந்துவான் பெருபாத்தான்னு கேளுங்க, மருத்துவ சமூக சேவை ஆபீஸ்ல பாரம் குடுப்பாங்க. க்யூ நீளம், ஆனா எலும்பு கரையறதுக்கு முன்னாடியே போய் பேர் போட்டா க்யூ ஒன்னும் பெரிய பிரச்சன இல்ல.

டாக்டர் கிட்ட கேக்க வேண்டிய கேள்விய கேட்டீங்கன்னா எனக்கு ரெண்டுதான். சார், எலும்பு இல்லாத கேஸு வருஷத்துக்கு எத்தன பண்றீங்க? திறந்து பாத்து நெனச்சத விட மோசமா இருந்தா அடுத்த பிளான் என்ன, அதுக்கு தேவையானது அன்னிக்கே தியேட்டர்ல இருக்குமா? ரெண்டாவதுக்கு முழுங்குனாருன்னா வேற ஆள பாருங்க. சிடி கேக்காம, ஊசி போட்டு தண்ணி எடுக்காம, எக்ஸ்ரேவ மட்டும் பாத்து தேதி குடுக்கறவரையும் விட்டுடுங்க.

பார்க்கிங் பத்தி ஒரு வார்த்த. ஆஸ்பத்திரி முன்னாடி இருக்கற பார்க்கிங் காலையிலயே ரொம்பிடும், பின்னாடி மாடி பார்க்கிங்ல மூணாவது மாடில லிஃப்ட் பக்கத்துலயே எடம் கிடைக்கும், ஆனா லிஃப்ட்டுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு, வாக்கர் வச்சிருக்கறவங்க அத தாண்டறது கஷ்டம், அதனால நோயாளிய கீழ வாசல்ல எறக்கிவிட்டுட்டு காடிய மேல கொண்டு போங்க.